மசாலா ஆறட்டும், அப்புறம் மாவைத் தொடுங்கள்

கேள்வி: எங்கள் வீடு பாளையங்கோட்டையில். வருகிற கிறிஸ்துமஸ் அன்று சாயங்காலம் சொந்தக்காரர்கள், அக்கம்பக்கத்தார் என்று முப்பது பேர் கூடுகிறோம். காலையிலிருந்து கேக், முந்திரிக்கொத்து, அச்சு முறுக்கு என்று இனிப்பாகவே தின்ற வாய்க்குக் காரமாக ஏதாவது வேண்டும். உள்ளே மசாலா வைத்த ரொட்டியை, வாசல் கதவில் தொங்கவிடும் கிறிஸ்துமஸ் வளையம் மாதிரி சுட நினைக்கிறேன். போன ஈஸ்டருக்கே ஒரு தடவை முயன்று பார்த்தேன். மேலே நன்றாகச் சிவந்தது. வெட்டினால் உள்ளே மாவு களி மாதிரி இருந்தது. ஓரம் வெடித்து சீஸும் சிக்கனும் தட்டெல்லாம் வழிந்துவிட்டன. எங்கள் சின்ன மாமியார், "உள்ளே இருக்கிறதை மட்டும் எடுத்துச் சோத்துல போட்டுக்கலாமா?" என்று கேட்டார்கள். மசாலா ஆறினால் ருசி போய்விடுமே என்று இறக்கிய சூட்டோடுதான் வைத்தேன். 220 டிகிரியில் சுட்டேன். என்னிடம் இருப்பது 28 லிட்டர் ஓடிஜி, மேஜையில் வைக்கிற மின்சார அடுப்பு. வருகிறவர்களில் ஏழெட்டுப் பேர் சைவம், முட்டையும் தொட மாட்டார்கள். முந்தின நாளே செய்து வைக்கலாமா? கோதுமை மாவில் செய்யலாமா? எங்கே தவறு செய்தேன்?

பதில்: அம்மா, உங்கள் சின்ன மாமியார் கிண்டலுக்குக் கேட்டிருக்கலாம். ஆனால் நோய் இன்னதென்று கண்டுபிடித்தவர் அவர்தான். சோற்றில் போட்டுப் பிசைகிற அளவுக்கு உங்கள் மசாலாவில் நீர் இருந்திருக்கிறது. களி, வெடிப்பு, வழிசல் எல்லாமே அங்கிருந்து வந்தவை. மாவை நீங்கள் சரியாகத்தான் பிசைந்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். மேல்பாகம் நன்றாக எழும்பிச் சிவந்திருக்கிறதே.

உள்ளே நடந்தது இதுதான். ரொட்டி வெந்தது என்று சொல்ல, நடுப்பகுதி மாவு 90 டிகிரியைத் தாண்ட வேண்டும். அந்த நடுவில் ஈரமான மசாலா உட்கார்ந்திருந்தால், உள்ளே போகிற சூடெல்லாம் அந்தத் தண்ணீரைச் சூடாக்கவே சரியாகிவிடும். மசாலாவை ஒட்டிய மாவு அந்த நீரைக் குடித்துக் களியாகும். கிளம்புகிற ஆவிக்கும் வழி வேண்டுமே, எந்த மடிப்பு பலவீனமோ அதைப் பிளந்துகொண்டு வரும். நீங்கள் சூட்டோடு வேறு வைத்திருக்கிறீர்கள். அந்தச் சூட்டில் மாவிலிருந்த வெண்ணெய் உருகி, மடிப்பு ஒட்டாமல் வழுக்கியிருக்கும். 60 டிகிரி வாக்கில் ஈஸ்ட் செத்துப்போகும் என்பதால், மசாலா பட்ட இடத்தில் மாவு எழும்பியிருக்கவும் வழியில்லை.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பேக்கரியில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கல்யாண வரவேற்புக்கு 200 மசாலா பன் கேட்டிருந்தார்கள். நேரம் இல்லை. இறக்கிய மசாலாவைச் சட்டியோடு மின்விசிறிக்குக் கீழே கால் மணி நேரம் வைத்துவிட்டு உருட்ட ஆரம்பித்தேன். மேலே இருந்த மசாலா ஆறித்தான் இருந்தது. சட்டியின் அடிக்குப் போகப் போக விரல் வைக்க முடியவில்லை, ஆனாலும் உருட்டினேன். முதல் மூன்று தட்டு அழகாக வந்தது. அதற்கப்புறம் வந்த பன்னெல்லாம் தவளை மாதிரி வாயைப் பிளந்துகொண்டு வந்தன. மாஸ்டர் திட்டவில்லை, சம்பளத்திலும் பிடிக்கவில்லை. அடுத்த ஒரு மாதம் மசாலாவைத் தட்டில் பரப்பி ஆற வைக்கிற வேலையை மட்டும் எனக்குக் கொடுத்தார்.

அதனால் மசாலாவிலிருந்தே தொடங்குகிறேன். போளிக்குப் பூரணம் கிண்டுகிற மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். பூரணம் தளர்ந்திருந்தால் போளி கிழியும் என்று உங்கள் கைக்கே தெரியும். இங்கேயும் அதே கணக்குத்தான்.

முப்பது பேருக்கு 40 உருண்டை போதும். பாதி சிக்கன், பாதி சைவம் என்று வைத்துக்கொள்வோம். 20 சிக்கன் உருண்டைக்கு 600 கிராம் மசாலா வேண்டும். எலும்பில்லாத சிக்கன் 400 கிராமை மஞ்சளும் உப்பும் போட்டு வேக வைத்து, வடித்து, கையால் நார் நாராகப் பிய்த்துக்கொள்ளுங்கள். வெந்த தண்ணீரைக் கொட்ட வேண்டாம், சூப்புக்கு ஆகும். ஆனால் மசாலாவில் அது ஒரு கரண்டிகூடச் சேரக் கூடாது. பெரிய வெங்காயம் மூன்றைப் பொடியாக நறுக்கி வாணலியில் போட்டதுமே உப்பைச் சேருங்கள். உப்பு பட்டதும் வெங்காயம் தண்ணீர் விடும். அந்தத் தண்ணீர் அடுப்பிலேயே வற்றட்டும், ரொட்டிக்குள் போய் விட வேண்டாம். நிறம் மாறிச் சுருண்டு, வாணலியில் 'சொய்ங்' சத்தம் அடங்கி எண்ணெய்ச் சத்தம் மட்டும் கேட்கிறபோது இஞ்சி பூண்டு, மிளகுத்தூள், சோம்புத்தூள், கொஞ்சம் கரம் மசாலா, கறிவேப்பிலை, அப்புறம் சிக்கன். தக்காளி வேண்டாம். புளிப்பு இல்லாமல் சரிப்படாது என்றால் அடுப்பை அணைத்த பிறகு அரை மூடி எலுமிச்சை பிழிந்தால் போதும்.

கடைசியாக ஒரு உருளைக்கிழங்கை வேக வைத்து உதிர்த்துச் சேருங்கள். இலங்கையில் பேக்கரிக் கண்ணாடிப் பெட்டிக்குள் முக்கோணமாக ஒரு பன் இருக்கும். மாலு பாண் என்பார்கள், மீன் பணிஸ் என்றும் சொல்வார்கள். உள்ளே மீனோடு உருளைக்கிழங்கும் இருக்கும். அளவைக் கூட்டுவதற்காகப் போடுகிறார்கள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். மீன் விடுகிற ஈரத்தைக் குடித்து மசாலாவைக் கட்டிப் பிடித்துக்கொள்ளும் வேலையையும் கிழங்குதான் செய்கிறது. உங்கள் சிக்கனுக்கும் அது ஆகும்.

சைவ மசாலாவுக்கு உருளைக்கிழங்கு 350 கிராம், உதிர்த்த பனீர் 150 கிராம், ஒரு கைப்பிடி பட்டாணி, சுருள வதக்கிய வெங்காயம் இரண்டு. கிழங்கைக் குக்கரில் தண்ணீரில் மூழ்க வைக்காமல் ஆவியில் வேக வைத்துத் தோலுரித்து, சூடு இருக்கும்போதே உதிர்த்துவிடுங்கள், ஈரம் பறந்துவிடும். காளான் வைக்க வேண்டாம் என்பது என் கட்சி. எவ்வளவு வதக்கினாலும் உள்ளே போய் மறுபடி தண்ணீர் விட்டு நம்மை ஏமாற்றும்.

இறக்கியதும் சோதனை. இரண்டு கரண்டி மசாலாவை எவர்சில்வர் தட்டில் குவித்துப் பத்து நிமிடம் விடுங்கள். குவியலை ஒதுக்கிப் பார்த்தால் அடியில் எண்ணெய்ப் பளபளப்பு இருக்கலாம். தட்டைச் சாய்த்தால் ஓடுகிற மாதிரி ஈரம் இருந்தால் திரும்ப அடுப்பில் ஏற்றுங்கள். சரியாக இருந்தால் அகலமான தட்டில் பரப்பி ஆற வைத்து, மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள். சிக்கன் மசாலாவை வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் விட வேண்டாம், அதற்குள் உள்ளே போய்விட வேண்டும். ஆறினால் ருசி போகும் என்று எழுதியிருக்கிறீர்கள். மீன் குழம்பு வைத்த வீட்டில் மறுநாள் காலை என்ன நடக்கும்? இதற்கும் அதேதான், ஒரு ராத்திரி இருந்தால் காரமும் உப்பும் இறங்கி இன்னும் நன்றாக இருக்கும்.

சீஸ் வைத்தே ஆக வேண்டும் என்றால் மொசரெல்லா வேண்டாம். அது உருகித் தண்ணீராகி ஓட்டையைத் தேடும். கடையில் கட்டியாகக் கிடைக்கிற ப்ராசஸ்டு சீஸைச் சுண்டைக்காய் அளவு வெட்டி, மசாலா உருண்டைக்கு நடுவில் புதைத்து வையுங்கள். மாவில் சீஸ் படக் கூடாது.

இனி மாவு. முட்டை சாப்பிடாதவர்கள் இருப்பதால் இரண்டு வகைக்கும் முட்டையில்லாத மாவையே பிசைந்துவிடுங்கள். கூட்டத்தில் எது எந்த மாவு என்று யாரும் நினைவு வைத்துக்கொள்ள மாட்டார்கள். 20 உருண்டைக்கு மைதா 500 கிராம், வெதுவெதுப்பான பால் 310 மில்லி, சர்க்கரை 40 கிராம், வெண்ணெய் 50 கிராம், உப்பு ஒன்றரை டீஸ்பூன், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 7 கிராம். அதாவது இரண்டு டீஸ்பூன். 40 உருண்டைக்கு இதே அளவில் இரண்டு தடவை தனித்தனியாகப் பிசைவது நல்லது. ஒரு கிலோவை மொத்தமாகக் கையால் பிசைந்தால் தோள்பட்டை கேட்காது, பாதியில் விட்டுவிடுவீர்கள். பாலின் சூடு, குழந்தைக்குக் கொடுக்கிற சூடு. அதற்கு மேல் வேண்டாம்.

கோதுமை மாவு கேட்டீர்கள். மூன்றில் ஒரு பங்கு வரை கலக்கலாம், பால் இன்னும் இரண்டு கரண்டி கேட்கும். முழுக்கக் கோதுமை என்றால் சப்பாத்திக்கும் ரொட்டிக்கும் நடுவில் ஏதோ ஒன்று வரும். பண்டிகை அன்றைக்கு அந்தச் சோதனை எதற்கு?

பிசையத் தொடங்கிய முதல் ஐந்து நிமிடம் மாவு கையெல்லாம் ஒட்டும். எல்லோரும் இந்த இடத்தில்தான் மைதா டப்பாவைத் திறந்து ஒரு பிடி தூவுவார்கள். தூவாதீர்கள். ஒட்டுகிற மாவைத் தள்ளி, மடித்து, கல்மேடையில் லேசாக அடித்துப் பிசைந்துகொண்டே இருங்கள். எட்டாவது, ஒன்பதாவது நிமிடத்தில் மேடையை விட்டுத் தானே பிரிந்து வரத் தொடங்கும். வெண்ணெயை அப்போதுதான் சேர்க்க வேண்டும். சேர்த்ததும் எல்லாம் கெட்டுப்போன மாதிரி பிசுபிசுவென்று ஆகும், பயப்பட வேண்டாம், இன்னும் ஐந்து நிமிடத்தில் குழந்தையின் கன்னம் மாதிரி வந்துவிடும். ஒரு துண்டு மாவை இரண்டு கையாலும் மெல்ல விரித்து ஜன்னல் பக்கம் காட்டுங்கள். கிழியாமல் சவ்வாக விரிந்து வெளிச்சம் தெரிந்தால் போதும்.

முந்தின நாளே செய்யலாமா என்ற கேள்விக்கு இங்கே பதில் வருகிறது. முந்தின நாள் சுட்டு வைக்க வேண்டாம். சுட்ட ரொட்டியை ஃபிரிட்ஜில் வைத்தால் வெளியே இருப்பதைவிடச் சீக்கிரம் விறைத்துப்போகும். உள்ளே சிக்கன் இருப்பதால் வெளியே விட்டு வைக்கவும் முடியாது. ஆனால் மாவை முந்தின நாளே பிசையலாம். 23-ஆம் தேதி ராத்திரி மசாலா வேலை முடியட்டும். 24-ஆம் தேதி ராத்திரி மாவைப் பிசைந்து, எண்ணெய் தடவிய பெரிய டப்பாவில் போட்டு மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள். மாவைப் போல இரண்டு மடங்கு இடம் டப்பாவில் இருக்கட்டும். ஒரு மணி நேரம் கழித்து ஒரு தடவை குத்தி அமுக்கிவிடுங்கள். இப்படி வைப்பதாக இருந்தால் ஈஸ்ட் 5 கிராம் போதும். மறுநாள் காலை ஆராதனை, மதியம் பிரியாணி எல்லாம் முடியும் வரை அது பாட்டுக்கு மெதுவாகப் புளித்துக்கொண்டு கிடக்கும். குளிர்ந்த மாவில் இன்னொரு வசதியும் உண்டு: வெண்ணெய் இறுகியிருப்பதால் கையில் ஒட்டாது, மசாலாவை மூடுவது சுலபம்.

மூடுவதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். 45 கிராம் மாவை உருட்டி, உள்ளங்கை அகலத்துக்குத் தட்டிக்கொள்ளுங்கள். நடு தடிமனாகவும் ஓரம் மெல்லிசாகவும் இருக்க வேண்டும். மூடும்போது ஓரமெல்லாம் ஒரே இடத்தில் வந்து குவியும். ஓரமும் தடிமனாக இருந்தால் அங்கே வேகாத முடிச்சு விழும். மசாலாவை 30 கிராம் உருண்டைகளாக முன்னாலேயே பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். கரண்டியால் அள்ளி வைத்தால் ஓரத்தில் ஒரு பொட்டாவது எண்ணெய் படும். எண்ணெய் பட்ட மாவு என்ன கிள்ளினாலும் ஒட்டாது. உங்களுக்கு ஓரம் வெடித்ததில் இதற்கும் பங்கு இருக்கும். கொழுக்கட்டைக்குச் செய்வது போல நாலு பக்கமும் இழுத்து, நடுவில் கிள்ளி, முறுக்கி ஒட்டி, ஒட்டிய பக்கம் கீழே வரும்படி வையுங்கள்.

ஓடிஜி தட்டை முதலில் ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். பத்து உருண்டைகளை வட்டமாக, ஒன்றுக்கொன்று ஒரு விரல் இடைவெளி விட்டு அடுக்கினால், வெந்த பிறகு சுமார் 25 முதல் 28 சென்டிமீட்டர் அகல வளையம் வரும். நடுவில் வெளிப்பக்கம் எண்ணெய் தடவிய சின்ன எவர்சில்வர் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தால் வளையம் உள்ளே சரியாது. பரிமாறும்போது அதே இடத்தில் புதினாச் சட்னிக் கிண்ணம் உட்காரும். ஒரே நீள ரொட்டியாகச் சுருட்டி வளைப்பது பார்க்க இன்னும் அழகுதான். ஆனால் அதை வெட்டக் கத்தி வேண்டும், தட்டு வேண்டும், வெட்டுகிற ஆள் வேண்டும். உருண்டை என்றால் நின்றுகொண்டே பிய்த்துக்கொண்டு போய்விடுவார்கள். சின்னதாக இருப்பதால் உள்ளேயும் சீக்கிரம் வேகும்.

அடுக்கியதை ஈரத்துணியால் மூடி எழும்ப விடுங்கள். குளிர்ந்த மாவு என்பதால் ஒரு மணி நேரத்துக்கு மேலேயும் ஆகலாம். கடிகாரத்தை நம்பாமல் விரலை நம்புங்கள். லேசாக அழுத்தினால் குழி மெதுவாக எழும்ப வேண்டும். சட்டென்று எழும்பினால் இன்னும் நேரம் இருக்கிறது. எழும்பவே இல்லை என்றால் கொஞ்சம் தாமதித்துவிட்டீர்கள், உடனே அடுப்பில் தள்ளுங்கள்.

மொத்தம் நாலு வளையம், உங்கள் ஓடிஜியில் நாலு ஈடு. நாலையும் ஒரே நேரத்தில் அடுக்கி வைத்தால் கடைசி ஈடு காத்திருந்து காத்திருந்து சப்பிப்போகும். முதல் இரண்டு வளையத்தை இரண்டு மணிக்கு உருட்டி வெளியே வையுங்கள். மற்ற இரண்டின் மாவு ஃபிரிட்ஜிலேயே இருக்கட்டும், முக்கால் மணி நேரம் கழித்து உருட்டலாம். முதலில் சைவ ஈடு, அப்புறம் சிக்கன். தட்டும் பிரஷ்ஷும் கலக்காமல் இருக்க இதுதான் வழி. மேலே தடவ முட்டைக்குப் பதில் பால் போதும். பால் தடவியதும் சைவ வளையத்தில் கருஞ்சீரகம், சிக்கன் வளையத்தில் வெள்ளை எள் தூவிவிடுங்கள். மாலு பாணை முக்கோணத்தை வைத்தே அடையாளம் கண்டுகொள்கிற மாதிரி, இங்கே கருஞ்சீரகமும் எள்ளும் அடையாளம். யாரும் "இது எது?" என்று பிய்த்துப் பார்க்க வேண்டியிருக்காது.

அடுத்து, உங்களுடைய 220 டிகிரி. இந்த மாவில் பாலும் சர்க்கரையும் இருக்கின்றன, இரண்டும் சீக்கிரம் சிவக்கும். வீட்டு ஓடிஜியில் மேல் கம்பி ரொட்டியின் தலைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 220-இல் வைத்தால் பத்து நிமிடத்தில் மேலே வெந்த மாதிரி தெரியும், நாமும் ஏமாந்து எடுத்துவிடுவோம். 180 டிகிரியில் 15 நிமிடம் முன்னதாகச் சூடாக்கி, இரண்டு கம்பியும் எரிய, கீழ்த்தட்டில் வைத்து 22 முதல் 26 நிமிடம் சுடுங்கள். 15-ஆவது நிமிடத்திலேயே நிறம் வந்துவிட்டால் மேலே அலுமினியத் தாளை லேசாகப் போர்த்துங்கள், எடுக்க வேண்டாம். வெந்ததா என்று பார்க்க ஒரு உருண்டையின் பக்கவாட்டைத் தூக்கி அடியைப் பாருங்கள். அடியும் பொன்னிறமாக இருக்க வேண்டும். சில நூறு ரூபாய்க்குக் குத்திப் பார்க்கிற தெர்மாமீட்டர் கிடைக்கிறது. அது இருந்தால் சந்தேகமே இல்லை, நடுவில் 92 காட்டினால் எடுத்துவிடலாம். ஓடிஜி திருகியில் எழுதியிருக்கும் எண்ணை நான் என்றுமே முழுசாக நம்பியதில்லை.

எடுத்ததும் சூட்டோடு வெண்ணெய் தடவி, ஐந்து நிமிடம் துணியால் மூடி வையுங்கள். மேல்தோல் மிருதுவாகிவிடும். கொத்தமல்லித் தழையும் பொடியாக நறுக்கிய சிவப்புக் குடைமிளகாயும் தூவினால் வளையம் வளையமாகவே தெரியும். தழையைச் சுடுவதற்கு முன்னால் தூவினால் கருகிவிடும்.

முதல் ஈடு ஆறியிருந்தால் விருந்தினர் வந்த பிறகு அலுமினியத் தாளில் மூடி 150 டிகிரியில் எட்டு நிமிடம். மைக்ரோவேவ் வேண்டாம், இரண்டு நிமிடத்தில் ரப்பராகும். சிக்கன் வளையத்தை மேஜையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் விட்டு வைக்காதீர்கள். மிச்சம் இருந்தால் ஃபிரிட்ஜுக்குப் போகட்டும். மறுநாள் கொஞ்சம் விறைப்பாகத்தான் இருக்கும், தோசைக்கல்லில் வெண்ணெய் விட்டு அமுக்கிச் சுட்டுக் கொடுங்கள். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் அதற்காகவே மிச்சம் வைப்பார்கள்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை, பாதி அளவில் ஒரே ஒரு வளையம் சுட்டுப் பாருங்கள். ஒரு உருண்டையைப் பிய்க்காமல் கத்தியால் குறுக்கே வெட்டிப் பாருங்கள். மசாலாவைச் சுற்றி மாவில் சாம்பல் நிறத்தில் ஈரக்கோடு ஏதாவது தெரிந்தால் எனக்கு எழுதுங்கள். மசாலாவை எத்தனை மணிக்கு இறக்கினீர்கள், எத்தனை மணிக்கு மாவில் வைத்தீர்கள் என்ற இரண்டையும் மறக்காமல் குறிப்பிடுங்கள், நான் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.